பாட்டன் போட்ட கையெழுத்தும் பேரன் எழுதும் உயிலும்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருக்காரர் ஒருவர் கையில் மஞ்சள் பையோடு வீட்டுக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஒரு சின்ன ஹார்டுவேர் கடை வைத்து முப்பது வருடத்துக்கு மேல் நடத்தியவர். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். மனைவி காலமாகி ஆறு வருடம். இரண்டு பெண்கள். ஒருத்தி காரைக்காலில், இன்னொருத்தி பிரான்சில்.

காபி குடித்து முடித்ததும் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தார். ஒன்று, கம்ப்யூட்டரில் அடித்த உயில். பூர்வீக வீடு, கடை இரண்டும் மகனுக்கு. பெண்களுக்குக் கல்யாணத்தின்போது நகை போட்டாகிவிட்டது என்று ஒரு வரி. மற்றது, மடித்த மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த ஒரு பிரெஞ்சுக் காகிதம்.

"அண்ணே, இது எங்க தாத்தா பேரை மாத்திக்கிட்ட காகிதம்னு அப்பா சொல்லுவாரு. உயிலோட சேத்து வைக்கலாமா, வேணாமா? நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் வேலையில் இருந்த காலத்திலும் இந்தமாதிரிக் காகிதங்கள் என் மேசைக்குத்தான் வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். 1912-ல் எழுதப்பட்டது. அதில் பெயர் மாற்றமும் இருந்தது, உண்மைதான். ஆனால் அவருடைய தாத்தா அன்று பெயரை மட்டும் மாற்றவில்லை. தமக்கும் தம் வம்சத்துக்கும் உரிய சட்டத்தையே மாற்றிவிட்டிருந்தார். அந்தக் கையெழுத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் வயதாகிறது. அது இன்னும் உயிரோடிருக்கிறது. பேரன் டைப் அடித்து வைத்திருக்கும் உயிலை அது செல்லாக்காசாக்கிவிடக்கூடும்.

இதை அவருக்கு விளக்க ஒரு முழுக் காலைப்பொழுது ஆயிற்று. நம் ஊரில் இன்னும் பல வீட்டுப் பெட்டிகளில் இதேபோன்ற காகிதம் இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் நம்மை ஆண்டபோது, வந்த நாளிலிருந்தே தங்கள் சட்டத்தை எல்லார் தலையிலும் கட்டிவிடவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் தமிழர்களின் வழக்குகளை விசாரிக்கத் தனியாக ஒரு நீதிமன்றம் இருந்தது. சாவடி என்ற நம் சொல்தான் பிரெஞ்சில் 'ஷோத்ரி' ஆகி அதன் பெயராயிற்று. அங்கே வந்த வழக்குகளில் கடனுக்கு அடுத்தபடி பாகப்பிரிவினைத் தகராறும் தத்துப்பிள்ளைத் தகராறும் நிறைய உண்டு. 1766 முதல் 1817 வரையிலான தீர்ப்புகள் தொகுக்கப்பட்டு, நம் ஊர் பிரெஞ்சு நிறுவனத்தின் வெளியீடாக வந்திருக்கின்றன. புரட்டிப் பார்த்தால், இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அண்ணன் தம்பி சண்டைக்கும் இன்றைய சண்டைக்கும் அதிக வித்தியாசம் தெரியாது.

ஆங்கிலேயரிடமிருந்து ஊரைத் திரும்பப் பெற்றபிறகு, 1819 ஜனவரி 6-ஆம் தேதி ஓர் ஆணை வந்தது. பிரான்சின் சட்டத் தொகுப்புகள் இங்கே அமலுக்கு வரும். ஆனால் இந்தியர்கள், இந்துவானாலும் முஸ்லிமானாலும் கிறிஸ்தவரானாலும், அவரவர் சட்டப்படியும் வழக்கப்படியும் தீர்ப்புப் பெறுவார்கள். கல்யாணம், தத்து, வாரிசு எல்லாம் பழைய மாமூல்படியே. அந்த மாமூல் என்னவென்று வெள்ளைக்கார நீதிபதிக்கு எப்படித் தெரியும்? அதற்காக 1827-ல் உள்ளூர்ப் பெரியவர்களைக் கொண்டு ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். சந்தேகம் வந்தால் நீதிமன்றம் அந்தக் குழுவைக் கேட்கும். லெயோன் சோர்க் என்ற நீதிபதி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் குழுவின் கருத்துகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார்.

இப்படி உருவானதுதான் 'புதுச்சேரி மாமூல் இந்து சட்டம்'. இது பக்கத்துக் கடலூர் இந்து சட்டம் அல்ல. கடலூர் பிரிட்டிஷ் ஜில்லா. அங்கே மிதாட்சரப்படி, மகன் பிறந்தவுடனேயே பூர்வீகச் சொத்தில் அவனுக்குப் பங்கு உண்டு. அப்பா அவனைக் கேட்காமல் விற்க முடியாது. புதுச்சேரி மாமூலில் அப்பா இருக்கும்வரை அவரே முழு எஜமானர். மகனுக்குப் பிறப்பால் உரிமை கிடையாது. அப்பா விற்கலாம், தானம் கொடுக்கலாம், உயிலும் எழுதலாம். பெண்களுக்கு? மகன் இருந்தால் மகளுக்குப் பங்கு இல்லை. கல்யாணச் செலவோடு சரி. நம் ஊர் எல்லை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வாய்க்காலைத் தாண்டினால் பிரெஞ்சுக் கிராமம், அடுத்த வரப்பில் தென்னார்க்காடு. ஒரே குடும்பத்துக்கு இரண்டு பக்கமும் நிலம் இருந்தால், இந்த வயலுக்கு ஒரு நியாயம், அந்த வயலுக்கு வேறு நியாயம் என்று அலைந்திருக்கிறார்கள்.

இந்தச் சூழ்நிலையில்தான் 1881 வருகிறது. அதற்கு முன்னோடியாகப் பொன்னுத்தம்பிப் பிள்ளையைச் சொல்ல வேண்டும். அவர் வழக்கறிஞர். 1873-ல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக நீதிபதியின் நடவடிக்கைக்கு ஆளானார். தமிழன் என்றால் வெறுங்காலோடு, இல்லாவிட்டால் நாட்டுச் செருப்போடுதான் வரவேண்டுமாம். அவர் விடவில்லை. பாரிஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். சட்டத்தின் முன் வெள்ளைக்காரனும் நானும் சமம் என்பதுதான் அவர் கேட்டது. அந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் 1881 செப்டம்பர் 21 ஆணை. தன் சாதி, மத வழக்கப்படியான தனிச்சட்டத்தை வேண்டாமென்று துறக்கும் இந்தியன், பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். துறந்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். பொன்னுத்தம்பிப் பிள்ளையும் துறந்தார். 'லா போர்த்' என்று பெயர் வைத்துக்கொண்டார். கதவு என்று அர்த்தம். தமக்குப் பின்னால் மற்றவர்கள் நுழையக் கதவு திறந்திருக்கிறது என்பது கருத்து.

துறப்பவர் ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஆணையிலேயே இருந்தது. நம் ஊரில் தமிழ் முகத்துக்குப் பிரெஞ்சுப் பெயர் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் பின்னால் வந்த பிள்ளைகள் இதைப் 'பேரை மாத்தின காகிதம்' என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆணையில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, துறப்பு நிரந்தரமானது, திரும்பப் பெற முடியாது. இரண்டு, அது கையெழுத்துப் போட்டவரோடு நிற்காது. மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும். வயது வந்த பிள்ளை தனக்காகத் தானே கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே அப்பாவும் தம்பியும் ரெனோன்சானாகவும், வயது வந்த அண்ணன் பழைய மாமூலிலும் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கலாம்.

துறந்தவர்களில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், இந்துக்கள் இருந்தார்கள், சாதி என்ற சுமையை இறக்கி வைக்க நினைத்த எளிய மக்கள் நிறைய இருந்தார்கள். எதிர்ப்பும் பலமாக இருந்தது. சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் பழைய வழக்கத்தைக் காக்கும் கட்சி எழுந்து வெகுகாலம் ஊர் அரசியலைக் கையில் வைத்திருந்தது. 1884-ல் வாக்காளர் பட்டியலே மூன்றாகப் பிரிந்தது: ஐரோப்பியர், ரெனோன்சான், மற்றவர். அந்த அரசியல் எல்லாம் போய்விட்டது. மிஞ்சி நிற்பது வாரிசுச் சட்டம்தான்.

ஏன் அது முக்கியம்? பிரெஞ்சு சிவில் சட்டம் 1804-ல் வந்தது. புரட்சிக்கு முன்பு பிரான்சின் பிரபுக் குடும்பங்களில் மூத்த மகனுக்கே சொத்து போகும். இளையவர்களும் பெண்களும் கன்னிமாடத்துக்கோ ராணுவத்துக்கோ போக வேண்டியதுதான். புரட்சி அதை ஒழித்தது. ஆணும் பெண்ணும் சமம், மூத்தவனும் இளையவனும் சமம் என்றது. அதோடு நிற்காமல், அப்பா உயில் எழுதி அந்தச் சமத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று ஒரு வேலியும் போட்டது. ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதியைத்தான் அப்பா தன் இஷ்டப்படி உயில் எழுதலாம். இரண்டு பிள்ளை என்றால் மூன்றில் ஒரு பங்கு. மூன்றும் அதற்கு மேலும் என்றால் கால் பங்கு மட்டும். மற்றது பிள்ளைகளுக்கென்று சட்டம் ஒதுக்கி வைத்தது. அதை அப்பனாலும் தொட முடியாது.

ஆங்கிலேயர் வழி இதற்கு நேர் எதிர். உன் சொத்து, நீ யாருக்கு வேண்டுமானாலும் எழுது. இந்தியாவின் 1925 வாரிசுரிமைச் சட்டத்தில் உயில் பகுதி அந்த வழியில்தான் போகிறது. ஆகவே நம் ஊரில் ஒரே தெருவில், மாமூல்காரர் வீட்டு மகள் வெறுங்கையோடு நிற்க, பக்கத்து ரெனோன்சான் வீட்டு மகள் அண்ணனுக்குச் சமமாகப் பங்கு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்துப் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

உயில் எழுதும் முறையும் வேறு. பிரெஞ்சு சட்டத்தில் உயில் மூன்று விதம். முதலாவது, சொந்தக் கையெழுத்து உயில். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, தேதி உள்பட, எழுதுகிறவர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி தேவையில்லை. ஆனால் ஒரு வரி டைப் அடித்திருந்தாலும் சங்கடம். இரண்டாவது, நொத்தேர் முன்னிலையில் சொல்லி எழுதுவது. மூன்றாவது, முத்திரையிட்ட உறையில் நொத்தேரிடம் ஒப்படைக்கும் ரகசிய உயில்.

நொத்தேர் என்றால் இன்றைய இளைஞர்கள் நோட்டரி பப்ளிக் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல அவர். பத்திரத்தை எழுதுகிறவரும் அவரே, சட்டம் சொல்கிறவரும் அவரே, காப்பவரும் அவரே. முக்கியமான வித்தியாசம் ஒன்று சொல்கிறேன், பழைய பத்திரம் தேடுகிறவர்களுக்கு உதவும். பிரெஞ்சு முறையில் மூலப் பத்திரம் நொத்தேரிடமே இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது நகல். இந்தியப் பதிவு முறையில் மூலம் உங்கள் கைக்குத் திரும்பி வந்துவிடும், சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் இருப்பது நகல். உங்கள் தாத்தா காலத்துப் பிரெஞ்சுப் பத்திரத்தின் 'ஒரிஜினல்' வீட்டில் இல்லையே என்று பதற வேண்டாம். அது வீட்டில் இருக்க வேண்டியதே இல்லை.

பிறகு நம் காலம் வந்தது. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டுமென்றார்கள், 8 பேர் வேண்டாமென்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கை மாறியது. ஆனால் சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான். அதற்கப்புறம் இந்தியச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1963 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே அமலுக்கு வந்தது. உயில் இல்லாமல் இறந்த இந்துவின் சொத்தில் மகன், மகள், மனைவி, தாய் எல்லாருக்கும் சமபங்கு என்பது அன்றுதான் நம் ஊர் மாமூல் வீடுகளுக்கும் வந்தது. 1968-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இன்னொரு சட்டத்தின் வழியாகப் பதிவுச் சட்டம் முதலான பலவும் வந்தன.

ஆனால் அந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தை இங்கே நீட்டியபோது ஒரு சின்ன வரியைச் சேர்த்தார்கள். இச்சட்டத்தில் எது சொல்லியிருந்தாலும், புதுச்சேரி ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் பழைய பிரெஞ்சு சிவில் சட்டத்திலேயே தொடர்வார்கள்.

அதிலும் ஒரு வேடிக்கை. பிரான்சில் அந்தச் சட்டம் பலமுறை மாறிவிட்டது. 1965-ல் கணவன் மனைவி சொத்து விதிகள் மாறின. 2001-லும் 2006-லும் வாரிசு விதிகள் பெரிதாகத் திருத்தப்பட்டன. அந்த மாற்றங்கள் எதுவும் இங்கே வரவில்லை. பாரிஸ் நாடாளுமன்றம் 1962-க்குப் பிறகு செய்த திருத்தம் புதுச்சேரியை எப்படிக் கட்டும்? ஆக, பிரான்சிலேயே இல்லாத பிரெஞ்சுச் சட்டம் நம் தெருக்களில் வாழ்கிறது. நின்றுபோன கடிகாரம் மாதிரி.

இவ்வளவும் சொன்னதும் நண்பர் கேட்டார்: "அண்ணே, எங்க வீட்ல யாரும் பிரெஞ்சுக்காரங்க இல்லையே. என் பாஸ்போர்ட் இந்தியாதானே?"

இந்தக் குழப்பம் நம் ஊரில் படித்தவர்களிடமும் உண்டு. ரெனோன்சான் வேறு, பிரெஞ்சுக் குடியுரிமை வேறு. 1962-ல் ஒப்பந்தம் அமலானபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர் ஆனார்கள். அதற்கும் துறப்புக்கும் சம்பந்தமில்லை. துறந்தவரின் பேரன் இந்தியராக இருக்கலாம். துறக்காத மாமூல் குடும்பத்தின் பேரன் பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு சொல்தா பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கலாம். பாஸ்போர்ட்டைப் பார்த்து வாரிசுச் சட்டத்தைச் சொல்ல முடியாது.

பிறகு அவருடைய கணக்குக்கு வந்தோம். பூர்வீக வீடு அவர் அப்பா வழி வந்தது. மூன்று பிள்ளைகள். ஆகவே அவர் இஷ்டப்படி எழுதக்கூடியது கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு மூன்று பேருக்கும் சமமாக, ஆளுக்குக் கால். இஷ்டப் பங்கையும் மகனுக்கே எழுதினால் மகனுக்குப் பாதி, பெண்களுக்கு ஆளுக்குக் கால். அதற்கு மேல் அவரால் கொடுக்க முடியாது.

"அப்போ உயிலை விட்டுடறேன். இப்பவே செட்டில்மென்ட் எழுதிட்டா?"

அந்த வழியையும் 1804-லேயே அடைத்துவிட்டார்கள். அப்பா இறந்தபின், உயிரோடிருந்தபோது கொடுத்த தானங்களையும் சொத்தோடு கூட்டித்தான் பங்கு கணக்குப் போட வேண்டும். ஒதுக்கிய பங்கில் கை வைத்திருந்தால் பிள்ளைகள் கேட்டு வாங்கலாம். இன்று பதிவு செய்யும் செட்டில்மென்ட், பதினைந்து வருடம் கழித்து வழக்காக வந்து நிற்கும். அப்போது கூண்டில் நிற்பது மகனும் பெண்களும்தான். எழுதி வைத்தவர் இருக்க மாட்டார்.

கடைதான் அவரை அதிகம் உலுக்கியது. "கடை நான் சம்பாதிச்சது. அதுல யாருக்கு என்ன?" என்றார். பழைய சிவில் சட்டத்தில், கல்யாணத்துக்கு முன் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாத தம்பதிக்கு, கல்யாணத்துக்குப் பின் சம்பாதித்தது இருவருக்கும் பொது. கடை கல்யாணத்துக்குப் பின் ஆரம்பித்தது. ஆகவே பாதி மனைவியுடையது. மனைவி ஆறு வருடம் முன்பே போய்விட்டார். அவருடைய பாதி அன்றே பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. கணவருக்கு அதில் அனுபவ பாத்தியம் கொஞ்சம் உண்டு, உரிமை பிள்ளைகளுடையது. அதாவது, தன்னுடையது என்று அவர் முழுதாக எழுதி வைத்திருந்த கடையில் பாதி ஏற்கெனவே அவருடையது இல்லை.

அவர் வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "கல்லாவுல உக்காந்தது அவதான். நான் வெளியே சுத்திக்கிட்டிருந்தேன்" என்றார். எனக்கும் அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்த காட்சி நினைவுக்கு வந்தது. கணக்கில் அவர் பேர் எங்கேயும் இல்லை. சட்டம் மட்டும் மறக்கவில்லை.

நான் வக்கீல் இல்லை. எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் என் கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், பிரெஞ்சு சிவில் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் இந்த இரண்டு காகிதங்களையும் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன். உங்களில் யாருக்காவது இதே நிலை என்றாலும் அதையே சொல்வேன்.

ரெனோன்சான் அல்லாத வாசகர்கள், இது நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். உங்களுக்குச் சுதந்திரம் அதிகம், அதனால் கவனமும் அதிகம் தேவை. இந்துக்களானாலும் கிறிஸ்தவர்களானாலும், 1925 சட்டப்படி உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடுவதையோ, போட்டேன் என்று நீங்கள் சொல்வதையோ அவர்கள் கண்டு கேட்டு, உங்கள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். சொத்துப் பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக இருப்பது நல்லது. நாளை நீதிமன்றத்தில் வந்து சொல்ல ஒருவராவது உயிரோடிருக்க வேண்டுமே. முஸ்லிம்களுக்குத் தனிச்சட்டம். பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. அந்த வேலி பிரெஞ்சு வேலியைவிடப் பழையது.

உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. முத்திரைத் தீர்வையும் இல்லை. ஆனால் பதிவு செய்தால் 3-ஆம் எண் புத்தகத்தில் ஏறிவிடும், தொலைந்துபோனாலும் நகல் கிடைக்கும். வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றால், உறையில் போட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். அதற்கு 5-ஆம் எண் புத்தகம். பிரெஞ்சுக்காரர்களின் ரகசிய உயில் இந்திய உடையில் வந்தது போலத்தான் எனக்குத் தோன்றும்.

பாங்கில் நாமினி போட்டுவிட்டேன், அது போதும் என்று பலர் இருக்கிறார்கள். நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குகிறவர், அவ்வளவுதான். சொத்து வாரிசுகளுடையது. உச்ச நீதிமன்றம் 1984-ல் இன்சூரன்ஸ் வழக்கு ஒன்றில் இதைத் தெளிவாகச் சொன்னது. 2023-ல் பங்குப் பத்திரங்களுக்கும் அதையே சொன்னது. கூட்டாளி வைத்துக் கடை நடத்துகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 1932 சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் ஒரு கூட்டாளி இறந்த அன்றே கூட்டு கலைந்துபோகும். ஒரு பாராவில் எழுதித் தீர்க்க வேண்டிய விஷயத்துக்காகப் பூட்டிக் கிடந்த கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் இருக்கும் வீடு, நிலத்துக்கு இந்தியச் சட்டமே பேசும். அங்கே பாங்கில் இருக்கும் பணத்தை அங்குள்ள நொத்தேர் பார்ப்பார். 2015 ஆகஸ்ட் 17 முதல், கடைசியாக வழக்கமாக எங்கே குடியிருந்தீர்களோ அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்ப்பதுதான் ஐரோப்பிய விதி. உயிலில் எழுதி வைத்தால், உங்கள் குடியுரிமை நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் சொத்து இருந்தால் இரண்டு இடத்திலும் ஆலோசனை கேளுங்கள்.

வேலையில் இருந்தபோது நான் பார்த்த குடும்பச் சண்டைகளில் பேராசையால் வந்தவை சில. காகிதம் தெரியாததால் வந்தவைதான் அதிகம். அப்பா நல்லெண்ணத்தோடு எழுதிய உயில், தான் எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியாததால், பிள்ளைகளைப் பிரித்துவிடும். அதனால் உயில் எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அப்பா, தாத்தா, பாட்டனார் எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். பிரெஞ்சுக் காகிதம் இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். எத்தா சிவில் பதிவுகளிலும் தேடலாம். எங்கள் தலைமுறை போய்விட்டால், அந்தக் கையெழுத்தையும் பழைய நடையையும் சரளமாகப் படிக்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

நண்பர் போன வாரம் மறுபடி வந்தார். டைப் அடித்த உயிலைக் கிழித்துவிட்டாராம். "வக்கீலும் நீங்க சொன்ன மாதிரிதான் சொன்னாரு. மகன் மூஞ்சி சுளுங்கிடுச்சு, ரெண்டு நாள் பேசல. அப்புறம் அவனே பிரான்சுக்குப் போன் போட்டு அக்காகிட்டப் பேசினான். பொங்கலுக்கு அவ வரா. மூணு பேரும் இருக்கும்போது உக்காந்து பேசிட்டு, அப்புறம் என் கையாலயே எழுதறேன்" என்றார்.

பிறகு தாத்தாவின் காகிதத்தை எடுத்து நீட்டினார். அதில் இருப்பதை அப்படியே தமிழில் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார், பிள்ளைகள் படிக்க வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனார்.